அவர் கழுத்தில் ஏறாத போ டை

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் செத்துப்போன ஆண்கள் எல்லாருக்கும் ஒரே கோட்டு, ஒரே போ டை. பகடி பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எந்த லயத்து வரிசையில் எந்தக் காம்பரா அறைக்குள் நுழைந்து பார்த்தாலும், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கறுப்புக் கோட்டுப் போட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒரு போ டை கட்டி, முறைத்துக்கொண்டு இருப்பார். உயிரோடு இருந்த காலத்தில் இடுப்பில் கட்டின படங்குச் சாக்கும் கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியுமாக மலையேறின மனுசன். கோட்டை அவர் கனவில்கூடப் போட்டிருக்க மாட்டார்.

காரணம் ரொம்பச் சாதாரணம். எங்கள் ஆட்கள் ஆயுசில் ஒரு தடவைதான் தனியாகப் படம் பிடித்துக்கொள்வார்கள், அதுவும் அடையாள அட்டைக்கு. ஆள் போன பிறகு கருமாதியன்று மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும். அந்தச் சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு மாத்தளை டவுனுக்குப் போய் ஸ்டூடியோ வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் கொடுப்பார்கள். அவர் முகத்தைப் பெரிதாக்கி, பித்தான் இல்லாத பழைய சட்டையை மறைத்து, மேலே கோட்டு வரைவார். நீள டை வரைவதற்கு நெஞ்சு வேண்டும். அடையாள அட்டைப் படத்தில் நெஞ்சு ஏது? கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலம் இருந்தால் பெரிய காரியம். அந்த இடத்தில் நிஜக் கழுத்தும் வரைந்த கோட்டும் சேருகிற ஒட்டு அசிங்கமாகத் தெரியும். அதை மறைக்கத்தான் போ டை. இது நானாவே என்னிடம் சொன்னது.

அவருக்கு அது வேலைச் சுலபம். எங்களுக்கோ அதுவே வழக்கமாகிப் போயிற்று. மாப்பிள்ளை என்றால் நீள டை, செத்தவர் என்றால் போ டை. உயிரோடு இருக்கிற எவரும் அதைத் தொட மாட்டார்கள். கொழும்பு ஹோட்டல்களில் அதைக் கட்டிக்கொண்டுதான் சோறு பரிமாறுகிறார்கள் என்று யாரோ சொன்னபோது என் அம்மா, "அந்தச் சோத்த மனுசன் திம்பானா?" என்று கேட்டாள்.

என் கல்யாணப் படத்துக்கே அந்தச் சண்டை வந்தது. தாலி கட்டின கையோடு எங்களை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொழும்பிலிருந்து புதிதாக வந்து நானாவிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவர், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கின போ டையை எடுத்தார். அதன் ரப்பர் நாடாவை இழுத்து மாப்பிள்ளையின் கழுத்தில் மாட்டப் போனார். "இதுதான் இப்ப பெஷன் தம்பி" என்றார். என் அம்மா பாய்ந்து போய் அதைப் பிடுங்கி மூலையில் வீசினாள்.

"நாசமாப் போறவனே! தாலியில மஞ்ச இன்னும் காயல, அதுக்குள்ள என் மக தாலிய அறுக்கப் பாக்குறியா?"

நானா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "வுடுங்கம்மா, அவருக்கு இந்த ஊர் விசயம் தெரியா" என்று சமாதானம் சொல்லி, தன் கையாலேயே நீள டையைக் கட்டிவிட்டார். என் புருசன் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றதால் அந்தப் படத்தில் அவர் வாய் கோணலாக விழுந்திருக்கிறது.

அவர் எதற்கும் சிரிக்கிற ஆள். அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாத்தளை டவுனில் ஒரு சரக்குக் கடையில் அவருக்கு வேலை. மிளகு, கராம்பு, பாக்கு, கொக்கோ எல்லாம் வாங்கிக் காயவைத்து மூட்டை கட்டி அனுப்புகிற கடை. நாங்கள் இரண்டு பேரும் அலுவிகாரையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். பிள்ளை இல்லை. அவருடைய அம்மாவும் அப்பாவும் அண்ணனும் எல்கடுவையில், லயத்தில். மாமனார் செத்தபோது நானா அவருக்கும் கோட்டும் போ டையும் வரைந்து கொடுத்தார். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு இவர் எட்ட நின்று பார்த்தார்.

"அடேயப்பா, அப்பாவப் பாரு, பெரிய தொர மாதிரி! இந்த உடுப்போட காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்னா கங்காணி சலாம் போட்டிருப்பான்."

"வாய மூடுடா. செத்தவர வச்சி என்னா சிரிப்பு?" என்று அதட்டினார் அண்ணன். அண்ணன் இவரைவிட ரொம்ப மூத்தவர். அப்பாவும் அம்மாவும் மலைக்குப் போன பொழுதுகளில் இவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். சிரிக்கத் தெரியாதவர், எதிலும் முறை பார்க்கிறவர். எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. அதை நான் மறைத்ததும் இல்லை.

பிறகு எண்பத்தொன்பது வந்தது. சிங்களப் பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் சுவரெல்லாம் எழுத்து, சுவரொட்டி. கடையைப் பூட்டு என்றால் பூட்ட வேண்டும், விளக்கை அணை என்றால் அணைக்க வேண்டும். அவர்களைத் தேடிக்கொண்டு ஆமிக்காரர்கள். காலையில் வீதியோரத்தில் டயர் போட்டு எரித்த உடல்கள் கிடக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் அடுத்த பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். எண்பத்து மூன்றில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தபோது அடி எங்களுக்கு; இது அவர்களுக்குள்ளே நடக்கிற சண்டை, நமக்கு ஒன்றும் வராது என்று நாங்கள் இருந்தோம். மடத்தனம்.

அந்த வாரம் கடையில் பச்சைப் பாக்கு உரித்தார்கள். பச்சைப் பாக்குக் கறை விரலில் ஏறினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது, நகக்கண் எல்லாம் கறுத்துவிடும். சாயந்தரம் அவர் வீட்டுக்கு வந்த பஸ்ஸை வழியில் ஆமிக்காரர்கள் மறித்து, ஆண்களை எல்லாம் இறக்கி, கையை நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் பெயிண்ட் அடித்த கை எது என்று பார்க்கிறார்களாம். இவரும் நீட்டியிருக்கிறார். "பாக்குக் கறை மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னாராம். அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்புத்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஜீப்பில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். அந்தக் கையைக் கொஞ்சம் மோந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே, பாவிகளா, என்று நான் பல வருசம் தனியாக இருந்து திட்டியிருக்கிறேன்.

தேடிப் போக ஒரு படம் வேண்டும். அடையாள அட்டை அவர் சட்டைப் பையோடு போய்விட்டது. கல்யாணப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு ஆமிக் காம்ப் காம்பாக ஏற முடியுமா? நானாவிடம் ஓடினேன். அடையாள அட்டைக்குப் பிடித்த படத்தின் பிலிம் அவரிடம் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து சின்னச் சின்னக் கொப்பிகள் எடுத்து ஒரு கவரில் போட்டுக் கையில் தந்தார். "அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல வழி காட்டட்டும் தங்கச்சி" என்றார்.

மாமியாரும் நானும்தான் போனோம். எங்கள் இருவருக்கும் வேறு எதிலும் ஒத்துப்போனதில்லை. நான் தேத்தண்ணிக்குப் போடுகிற சீனி முதல் நான் நடக்கிற நடை வரை கிழவிக்குக் குற்றம். ஆனால் காம்ப் வாசலில் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நிற்போம். என் சிங்களம் அவளுக்கும் சேர்த்துப் பேசும், அவள் அழுகை எனக்கும் சேர்த்து அழும். இல்லை, இங்கே அப்படி யாரும் இல்லை, என்பார்கள். படத்தை வாங்கிப் பார்க்காமலே சொல்வார்கள். ஒருவன் மட்டும் வாங்கினான். வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

கடை முதலாளி அவர் இடத்தில் எனக்கு வேலை கொடுத்தார். மிளகு புடைத்துக்கொண்டு, லீவு கிடைத்த நாளில் காம்புக்குப் போய்க்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பொட்டைப் பார்த்து ஊர் என்னென்னவோ பேசியது. பேசட்டும். அவருக்குக் கருமாதி செய்யாத வரைக்கும் நான் தாலி கட்டினவள்தான். அந்த ஒரு பிடியில்தான் என் சோறு, தூக்கம், எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

சில வருசம் போன பிறகு அண்ணன் அதில் கை வைத்தார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "ஒங்க தம்பிக்குச் செய்ய வேண்டியத செஞ்சாச்சா?" என்று கேட்டார்களாம். ஒரு சாவைச் செய்யாமல் போட்டு வைத்திருக்கிற குடும்பத்தில் நல்ல காரியம் பேச யோசிப்பார்கள்.

"செய்யத்தான் வேணும் புள்ள" என்றார் என்னிடம். "எங்கயோ கெடந்து அவன் ஆத்துமா அலையுது."

"அலையட்டும். உசுரோட அலையிறவருக்கு நீங்க ஏன் மச்சான் பிண்டம் வைக்கத் துடிக்கிறீங்க?"

அவர் எழுந்து போனார். அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

என்னிடமிருந்த சின்னப் படங்கள் எல்லாம் மழையிலும் வேர்வையிலும் நைந்து போயிருந்தன. இன்னும் நாலு கொப்பி எடுக்கலாம் என்று ஸ்டூடியோவுக்குப் போனேன். என்னைக் கண்டதும் நானா மேசையில் கிடந்த எதையோ அவசரமாகக் குப்புறப் போட்டார். அவர் முகம் போன போக்கே சரியில்லை. நான் கையை நீட்டித் திருப்பினேன்.

என் புருசன். கறுப்புக் கோட்டு. கழுத்தில் போ டை.

அவருடைய கண்தான், அவருடைய மூக்குத்தான், காதுக்குப் பக்கத்தில் இருந்த மருகூட அவருடையதுதான். ஆனால் அந்தப் போ டைக்கு மேலே வைத்ததும் ஆள் செத்துப்போனார். பைத்தியக்காரி பேச்சு மாதிரி இருக்கும் உங்களுக்கு. அதற்கு ஒரு நிமிசம் முன்னால் வரைக்கும் அவர் எங்கேயோ ஒரு காம்பில், ஒரு சிறையில், ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். இப்போது எல்கடுவைச் சுவர்களில் தொங்குகிற அத்தனை பேரோடும் போய் வரிசையில் நின்றுவிட்டார்.

"ஒங்கட மச்சான்தான் செஞ்சி தரச் சொன்னார் தங்கச்சி. நான் என்ன செய்ய?" என்றார் நானா. அவருக்கும் தாங்கவில்லை. "வேணுமெண்டா போ டைய அழிச்சிட்டு நீள டையா மாத்தித் தாறன்."

"அதுக்கு நெஞ்சு எங்க நானா?" என்று கேட்டேன்.

நான் படத்தை எடுத்துக் குறுக்காகக் கிழித்தேன். போ டை இருக்கிற இடம் இரண்டாகப் போகும் வரைக்கும் கிழித்தேன். தடித்த அட்டை, விரல் வெட்டி ரத்தம் வந்தது. துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் எல்கடுவைக்கு ஏறினேன். லயத்து வாசலில் வைத்து, எல்லாரும் பார்க்க, அண்ணனின் காலடியில் கொட்டினேன். வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன். தம்பியைக் கொன்றுதான் மகளைக் கரையேற்ற வேண்டுமா என்றும் கேட்டேன்.

அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். எனக்காகப் பேசினவள் மாமியார். நான் அந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து கிழவி என் பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

"அவ கிழிச்சது சரிதான். என் மகன் இருக்கான். நாளைக்கு எனக்குக் கொடம் அவன்தான் தூக்கணும். வேற எவனும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்!"

எங்கள் ஆட்களில் அப்பா செத்தால் மூத்த மகனும், அம்மா செத்தால் கடைசி மகனும் தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றிப் பிணத்தைச் சுற்றி வந்து உடைப்பது வழக்கம். என் புருசன்தான் கடைசி மகன்.

மாப்பிள்ளை வீட்டார் பிறகு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அண்ணன் மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதோடு தொல்லை தீர்ந்தது என்று பார்த்தால், அடுத்த வருசம் மனுசன் இன்னொரு படம் செய்வித்துக்கொண்டு அலுவிகாரைக்கு என் வீட்டுக்கே வந்து நின்றார். பழைய பேப்பரில் சுற்றியிருந்தது. "இந்தா புள்ள, செஞ்சிட்டேன். நல்ல நாள் பாத்துச் செய்வம்" என்று மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சுற்றின பேப்பரோடு சேர்த்து அடுப்பில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தேத்தண்ணி கேட்டார். என்ன ஜென்மமோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் கொண்டு வந்தார். ஒரு தடவை சட்டம் போட்டே கொண்டு வந்தார், நான் கண்ணாடியை உடைத்தேன். இந்த ஆளுக்கு வெட்கம் மானம் இல்லையா, தம்பி செத்துத்தான் ஆக வேண்டும் என்று இப்படி ஒற்றைக் காலில் நிற்கிறாரே என்று எனக்கு அவர் மேல் வெறுப்பு முற்றிப்போயிற்று. நானாவிடம் போய், இனி அவருக்குச் செய்து கொடுக்க வேண்டாம் என்றேன். "அவர் வந்து சும்மா நின்டுகொண்டே ஈக்கிறார் தங்கச்சி. எனக்கு மாட்டேன்டு செல்ல வாய் வருதில்ல" என்றார் நானா.

கிழவி ஒரு ஐப்பசி மழையில் செத்தாள். எனக்குச் செய்தி வந்து நான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மழை விடவே இல்லை. எவ்வளவு நேரம்தான் பார்ப்பது, நனைந்துகொண்டே தூக்கினார்கள். புதைகுழிக்குப் போகிற பாதை செங்குத்தான இறக்கம். பெட்டி தூக்கினவர்களின் கால் வழுக்கி வழுக்கிப் போனது. எங்களில் பெண்கள் புதைகுழி வரை போவதில்லை. நான் போனேன். காம்ப் வாசல் வரைக்கும் என்னோடு வந்தவளை அங்கே தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. யாரும் தடுக்கவில்லை, என் வாய்க்குப் பயந்திருப்பார்கள்.

பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். காரியம் நடத்த வந்தவர் வேறு தோட்டத்து ஆள். குடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு, "கடைசி மகன் முன்னுக்கு வாங்க" என்றார்.



"அவரு இல்லீங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"இல்லன்னா? செத்துட்டாரா? எங்கயும் போயிருக்காரா? செத்திருந்தா மூத்தவரு தூக்கலாம். இருக்கிறவர வச்சிக்கிட்டு இன்னொருத்தர் தோள்ல நான் ஏத்த மாட்டேன். அது இருக்கிறவரக் கொல்லுறதுக்குச் சமம். வீட்டுக்காரங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் இடுப்பில் ஈரத் துண்டோடு நின்றார். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

என் புருசன் வருவார் என்று நான் எந்த நாளிலிருந்து நம்பாமல் இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்த டயர்களைப் பார்த்தவள் நான். தெரியாதா எனக்கு? தெரிந்துகொண்டேதான் பொட்டு வைத்தேன், தெரிந்துகொண்டேதான் கிழித்தேன், எரித்தேன். கிழவி கேட்டது நடக்கப் போவதில்லை. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஒருவன் வாளியால் இறைத்துக் கொட்டினான், மறுபடி ஊறியது. அவளை அந்த மழையில் இனியும் போட்டு வைக்க என்னால் முடியவில்லை.

"அவரு செத்துட்டாரு" என்றேன். "மச்சான் தூக்கட்டும்."

சத்தமாகத்தான் சொன்னேன். பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். காரியக்காரர் குடத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனார். இத்தனை வருசமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தானே என் பின்னால் அலைந்தீர்கள், இப்போது திருப்திதானே என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் குடத்தை வாங்கவில்லை. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. அப்பா செத்தபோதும் அழாத ஆள், வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தூக்கிவிடக் கையைக் கொடுத்தேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"என்னா புள்ள இப்புடிச் சொல்லிட்ட? நான் அந்தப் படத்தக் கொண்டாந்து கொண்டாந்து வச்சா, நீ கிழிச்சிக்கிட்டே இருப்ப, அதுவரைக்கும் அவனும் இருப்பான்னுதானே நெனச்சேன்."